நாற்பத்தொரு பேரை நான் அழித்த விதம்

வெள்ளிக்கிழமை வகுப்புக்கு முதல்முறை வருகிற நூலகர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் உட்காருகிறீர்கள். கை மடியில், கண் திரையில், முதுகு நாற்காலியில் படாமல். எதையாவது தட்டினால் நூலகமே வெடித்துவிடும் என்று ஒரு பயம். போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் வந்து, தப்பாக எதையாவது அழித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பாவம், அவர் முகம் வாடிவிட்டது. உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை தம்பி. கேள்வியை யாரிடம் கேட்டீர்கள் என்பதை நினைத்துச் சிரித்தேன். ஒரே தட்டலில் நாற்பத்தொரு பேரை அழித்தவளிடம் கேட்டிருக்கிறீர்கள். அன்றைக்குச் சொல்ல நேரம் இல்லை, அதனால் இப்போது எழுதித் தருகிறேன்.

நூலகத்துறையில் முப்பத்தொரு வருஷம் இருந்துவிட்டுப் போன வருஷம் ஓய்வு பெற்றேன். அதில் முக்கால்வாசிக் காலம் என் கையில் இருந்த பெரிய இயந்திரம் தேதி முத்திரைதான். ஐம்பத்தைந்து வயதில், மூக்குக் கண்ணாடியை மாற்றிய அதே மாதத்தில், கணினிக்கு புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். ரிட்டையர் ஆகப்போகிற நேரத்தில் இது தேவையா என்று என் கணவர் கேட்டார். தேவையில்லைதான். ஆனால் நான் சொந்தமாக எழுதிய நான்கு வரி, மூவாயிரம் புத்தகத் தலைப்புகளில் இருந்த கோணல்மாணலை எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் சரிசெய்ததைப் பார்த்தபோது, சந்தோஷத்தில் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றப் பார்த்தேன். அது சுழல் நாற்காலி இல்லை. விழுந்து முழங்கையில் அடிபட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் படிக்கிற புரோகிராம் பாடங்களை யார் எழுதினார்கள் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். எங்கெங்கோ இருக்கிற நூலகப் பணியாளர்கள் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொண்டவை அவை. ஒருவர் எழுதுவார், இன்னொருவர் திருத்துவார், மூன்றாமவர் தன் ஊரில் நடத்திப் பார்த்துவிட்டு இந்த இடத்தில் எல்லாரும் முழிக்கிறார்கள் என்று குறிப்பு எழுதுவார். எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், சரிசெய்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்பதுதான் ஏற்பாடு. இந்த மாவட்டத்தில் ஆறு பேர் சேர்ந்து, விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகளில் உட்கார்ந்து அவற்றைத் தமிழாக்கினோம். அந்த ஆறு பேரில் இரண்டு பேர்தான் இந்தக் கதையில் வருகிறோம். ஒன்று நான், இன்னொருவர் போளூர்ப் பக்கத்துக் கிளை நூலகத்தின் தரணேந்திரன். ஊரில் பரம்பரை பரம்பரையாக நெல் போடுகிற ஜைனக் குடும்பம் அவருடையது. எதையும் அடித்துச் சொல்ல மாட்டார். நல்ல வெயில் என்றுகூடச் சொல்ல மாட்டார், வெயில் மாதிரி இருக்கிறது என்பார்.

மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் நாங்கள் விடுவோமா. பாடத்தில் இருந்த ஆப்பிளை மாம்பழம் ஆக்கினோம். பனிப்புயலால் நூலகம் மூடிய உதாரணத்தைக் கார்த்திகைத் தீப விடுமுறை ஆக்கினோம். ஒரே ஆள் இரண்டு முறை பதிந்திருந்தால் எப்படி நீக்குவது என்று ஒரு பாடம். பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருந்தால் ஒருவரை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கு என்பது அதில் விதி. அதற்கு அடுத்து, நீக்குகிற ஒவ்வொரு பெயரையும் தனியாக ஒரு கோப்பில் எழுதி வை என்று ஒரு வரி. எனக்கு அந்த வரி தொணதொணப்பாகத் தெரிந்தது. வீட்டைப் பெருக்குகிறவள் குப்பையை எண்ணி வைப்பாளா என்று கேட்டு, பேனாவால் ஒரு கோடு போட்டு, நான்தான் அதை வெட்டினேன். விதியை மாற்றவேண்டும் என்று ஆறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாம்பழத்தில் இருந்த கவனம் அதில் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் நம் நூலகங்களில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருப்பது உங்களுக்குத் தெரியும். அவர்களுக்காக ஓர் அறக்கட்டளை மாதிரித் தேர்வு ஒன்று வைக்க முன்வந்தது. முதல் இருபது இடங்களில் வருகிறவர்களுக்குச் சென்னையில் ஆறு மாதம் தங்கிப் படிக்க இலவசப் பயிற்சி. பதிவு எங்கள் நூலகத்தில். கவுண்டரில் ஒரு நோட்டுப் போட்டோம், போனிலும் பதியலாம் என்றோம். பயத்தில் சிலர் இரண்டிலும் பதிந்தார்கள். எல்லாவற்றையும் தட்டச்சு செய்தால் இருநூற்று முப்பத்தெட்டு பெயர். அறக்கட்டளையின் நிர்வாகி என்னிடம் போனில் மட்டும் பேசுகிறவர், நான் அவரை சார் என்று கூப்பிடுவேன், அவ்வளவுதான் பழக்கம். வினாத்தாள் எண்ணி அச்சடிக்க வேண்டும், இரட்டைப் பதிவை எல்லாம் எடுத்துவிட்டு அனுப்புங்கள் என்றார்.

பாடத்தில் படித்ததைச் செய்து காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா. தரணேந்திரன் முன்னெச்சரிக்கையாக அந்தப் பாடத்துப் புரோகிராமைத் தன் கிளையின் உறுப்பினர் பட்டியலில் முதலில் ஓட்டிப் பார்த்தார். எண்பது பேரில் இரண்டு பெயர் நீங்கியது. இரண்டும் அட்டையைத் தொலைத்துவிட்டு மறுபடி சேர்ந்த ஆட்கள். அப்பழுக்கில்லை. உடனே எங்கள் பட்டியலில் ஓட்டினேன். தட்டிய விரலை எடுப்பதற்குள் நூற்றுத் தொண்ணூற்று மூன்று என்று வந்து நின்றது. நாற்பத்தைந்து இரட்டைப் பதிவு. பட்டியலை அதே பெயரில் சேமித்து, நிர்வாகிக்கு அனுப்பி, கடைக்கு ஆள் அனுப்பி மிக்சர் வாங்கி எல்லாருக்கும் கொடுத்தேன். மிக்சரைக் கையில் வைத்துக்கொண்டு தரணேந்திரன் மட்டும் தின்னாமல் நின்றார்.

"நாப்பத்தஞ்சு கொஞ்சம் ஜாஸ்தி மாதிரி இருக்குதுங்களே மேடம்," என்றார்.

பயத்தில் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பதிந்திருப்பார்கள், நீங்கள் மிக்சரைச் சாப்பிடுங்கள் என்றேன். சாப்பிட்டார்.

தேர்வு ஒரு பள்ளிக்கூடத்தில். பௌர்ணமி வராத ஞாயிறாகப் பார்த்து வைத்திருந்தோம், இல்லையென்றால் கிரிவலக் கூட்டத்தில் பஸ் எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். பத்து மணிக்குத் தேர்வு. ஒன்பது மணிக்கு நான் புதுப் புடவையில், கேட்டில் மேசை போட்டு, பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட ஆரம்பித்தேன். நாலைந்து பெயர் நல்லபடியாகப் போனது. அடுத்து அ. அருணாசலம் என்று கூப்பிட்டேன்.

பதினொரு பேர் கை தூக்கினார்கள்.

விளையாடுகிறார்கள் என்று நினைத்து இன்னொரு முறை கூப்பிட்டேன். பதினொரு கையும் மறுபடி எழுந்தது. அதில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். அதை விட்டுவிட்டு அ. அண்ணாமலை என்றேன். அதற்கு ஒன்பது பேர் முன்னால் வந்தார்கள். அ. உண்ணாமலை என்றேன், ஐந்து பெண்கள். அதற்குமேல் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.

மலையைப் பார்த்தபடி பிறந்து வளர்கிற ஊரில் பிள்ளைக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள். அப்பா அண்ணாமலை, மகன் அருணாசலம். அப்பா அருணாசலம், மகன் அண்ணாமலை. மகள் பிறந்தால் உண்ணாமலை. எப்படிப் புரட்டிப் போட்டாலும் இனிஷியல் அ. இதே ஊரில் முப்பத்தொரு வருஷம் உறுப்பினர் அட்டை எழுதியவள் நான். என் சின்ன மாமனாரும் அருணாசலம், எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவரும் அருணாசலம். எங்கேயோ உட்கார்ந்து பாடம் எழுதியவருக்கு இது தெரியாதது நியாயம். ஆப்பிளை மாம்பழம் ஆக்கிய எனக்கு என்ன கேடு?

தரணேந்திரன் பக்கத்தில் வந்து, தின்ற மிக்சர் இப்போதுதான் தொண்டையில் மாட்டியது போல ஒரு முகத்தோடு நின்றார். பட்டியலில் இல்லாதவர்களைத் தனியாக நிற்கச் சொல்லி எண்ணினார். நாற்பத்தொரு பேர். உண்மையான இரட்டைப் பதிவு நாலே நாலுதான் இருந்திருக்கிறது. வெட்டிய வரி இருந்திருந்தால் அந்த நாற்பத்தொரு பெயரும் ஒரு கோப்பில் அழகாகக் கிடைத்திருக்கும். பழைய பட்டியலின் மேலேயே புதியதைச் சேமித்தவளும் நான்தான். கவுண்டர் நோட்டும், போனில் வந்த பெயர்களைக் குறித்த தாள்களும் நூலகத்துப் பீரோவில் இருந்தன. அதன் சாவியோடு எங்கள் தலைமை நூலகர் வந்தவாசியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்.

இந்த மாதிரி நேரத்தில் மனசு முதலில் சொல்லித் தருவது பொய்தான். உங்கள் பதிவு சரியாக ஏறவில்லை, அடுத்த முறை பாருங்கள் என்று சொல்லிவிடலாம். கணினிக் கோளாறு என்று சொன்னால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பொய் என் நாக்கு நுனிவரை வந்தது. அப்போது ஐந்து உண்ணாமலைகளில் ஒருத்தி மேசைக்கு அருகில் வந்தாள். எனக்குத் தெரிந்த பெண். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் வருகிற ஒரு சாப்பாட்டுக் கடையில் காலை டிபன் வேலை. பதினோரு மணிக்கு அதை முடித்துவிட்டு நேராக நூலகத்துக்கு வந்து மாலை வரை படிப்பாள். நாலு வருஷமாகப் படிக்கிறாள்.

"மேடம், இந்த வருஷத்தோட எனக்கு வயசு வரம்பு முடியுது," என்றாள். "இன்னைக்குக் கடைக்கு லீவு சொல்லிட்டு வந்துருக்கறேன். நான் எழுதலாமா கூடாதானு மட்டும் சொல்லிடுங்க."

அழுகையும் கோபமும் இல்லாமல் கேட்டாள். அதுதான் என்னை உலுக்கிவிட்டது. மேசைமேல் ஏறாத குறையாக எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "உங்க பேரெல்லாம் பதிவாயிருந்தது. நான்தான் கம்ப்யூட்டர்ல தப்பா அழிச்சுட்டேன். யாரும் வீட்டுக்குப் போகாதீங்க."

பின்னால் இருந்து ஓர் அருணாசலம், "இன்னா மேடம், ஒரே பட்டன்ல எங்க தெருவையே காலி பண்ணிட்டீங்களே," என்றான். கூட்டம் குலுங்கியது. நானும் சிரித்துவிட்டேன். உண்மையைச் சொன்னவுடன் எவ்வளவு பேர் உங்கள் பக்கம் வந்துவிடுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நிர்வாகிக்குப் போன் செய்தேன். பட்டியலில் இல்லாதவர்களை உட்கார வைக்கவே கூடாது, யார் யாரோ வந்து எழுதினார்கள் என்று பேச்சு வரும் என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அந்த நாற்பத்தொரு பேரில் பதியாத ஆள் ஒருவர்கூட இல்லை என்று சத்தியம் செய்ய அப்போது என்னிடம் எந்தக் காகிதமும் இல்லை. ஆனால் ஒரு கணக்கு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. இன்றைக்கு எழுதுகிற விடைத்தாளை நாளைக்குக் கிழித்துப் போடலாம். இன்றைக்கு எழுதாத தேர்வை நாளைக்கு யாராலும் எழுத முடியாது. இரண்டு தப்பில் எது திருத்தக்கூடிய தப்போ அதைச் செய்துவிடவேண்டும்.

"எழுதட்டும் சார். நாளைக்கு நோட்டுல பேர் இல்லாதவங்க தாளை நானே கிழிச்சுடறேன்," என்றேன்.

உங்கள் பொறுப்பு என்று வைத்துவிட்டார்.

பொறுப்பை எடுத்துக்கொண்டாயிற்று. வினாத்தாளுக்கு எங்கே போவது? பொது அறிவுக்கு ஒரு புத்தகம், தமிழுக்கு ஒரு புத்தகம், ஒவ்வொன்றிலும் எண்ணி நூற்றுத் தொண்ணூற்று மூன்றுதான் வந்திருந்தது. எழுதப்போகிறவர்கள் இருநூற்று முப்பத்துநாலு பேர். மணி ஒன்பதே முக்கால். இரண்டு பேருக்கு ஒரு தாள் கொடுக்கலாமா, கரும்பலகையில் எழுதிப் போடலாமா என்று நானும் தரணேந்திரனும் உளறிக்கொண்டிருந்தோம். உண்ணாமலை கட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எங்க கடையில தட்டு பத்தலன்னா பாதி பேருக்கு மொதல்ல காபி குடுத்துடுவோம் மேடம்," என்றாள். "தட்டு திரும்பி வந்ததும் அவங்களுக்கு டிபன்."

நானும் தரணேந்திரனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது, கேட்டில் அத்தனை பேர் இருந்ததால் அடக்கிக்கொண்டேன். வகுப்பறையில் இருப்பவர்கள் முதல் பாதியில் பொது அறிவு எழுதட்டும். நாற்பத்தொரு பேர் வராந்தாவில் உட்கார்ந்து தமிழ் எழுதட்டும். பாதி நேரம் முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம். வினாத்தாளில் யாரும் கிறுக்கக் கூடாது, அவ்வளவுதான். விடை எழுதக் கோடு போட்ட வெள்ளைத்தாளை ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தோம். பத்தே காலுக்கு மணி அடித்தது. வராந்தாவில் பதினொரு அருணாசலங்களில் பத்துப் பேர் வரிசையாகக் குனிந்து எழுதிக்கொண்டிருந்த காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குழப்பம் வராமலிருக்க எல்லாரையும் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த தேதியும் எழுதச் சொல்லியிருந்தோம். அந்த யோசனை தரணேந்திரனுடையது, அதை அவர் யோசனை மாதிரி இருக்கிறது என்றுதான் சொன்னார்.

திங்கள்கிழமை காலை நூலகம் திறக்குமுன் பீரோ திறந்தது. நோட்டில் இருந்த பெயர்களையும் போனில் வந்தவற்றையும் வரி வரியாக விரல் வைத்துச் சரிபார்த்தோம். நாற்பத்தொரு பேரும் இருந்தார்கள். ஒரு தாளைக்கூடக் கிழிக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் நான் செய்த முதல் வேலை, வெட்டிய வரியைப் பாடத்தில் மறுபடி ஒட்டியது. அதன் கீழே நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி, பாடத்தின் பொது இணையப் பக்கத்துக்கும் அனுப்பினேன். அந்த வரியை முதலில் எழுதியவர் யார் என்று தெரியாது, ஆணா பெண்ணா எந்த நாடா ஒன்றும் தெரியாது. அவருக்கு மன்னிப்பும் கேட்டிருந்தேன். இரண்டு நாளில் ஒரு பதில் வந்தது. நானும் ஒரு காலத்தில் அப்படி ஒருமுறை அழித்தேன், அதனால்தான் அந்த வரியை எழுதினேன் என்று இருந்தது. கையெழுத்தில்லை. எனக்கு முப்பத்தொரு வருஷத்தில் பல மேலதிகாரிகள் வாய்த்திருக்கிறார்கள். இவரைப் போல ஒருவரும் வாய்க்கவில்லை.

பாடங்களில் சில வரிகள் தொணதொணப்பாகத் தெரியும். அவற்றின்மேல் கோடு போடுமுன், இதை எழுதியவர் எங்கே விழுந்து எழுந்தார் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். இதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். ஆனால் கதை இங்கே முடியவில்லை.

பத்து நாள் கழித்து நிர்வாகி போன் செய்தார். தேர்வானவர்கள் பட்டியல் தயார், ஒரு சின்ன விஷயம் என்றார். அ. அருணாசலம் இரண்டு முறை வந்திருக்கிறது, அ. உண்ணாமலையும் இரண்டு முறை வந்திருக்கிறது, தட்டச்சில் பிசகு போல, இரண்டு பேரையும் ஒவ்வொன்றாகக் குறைத்துவிட்டோம், அடுத்த இரண்டு பேரைச் சேர்க்கப்போகிறோம் என்றார். ரொம்ப உதவி செய்தவர் குரலில் சொன்னார். எந்த உண்ணாமலையைக் குறைத்தீர்கள் என்று கேட்டேன். ஒன்பதாவது இடத்தில் இருந்ததை வைத்துக்கொண்டு பதினேழாவதை எடுத்துவிட்டாராம். விடைத்தாள்களைத் திருத்திக் கட்டியபோது இரண்டு பேர் மார்க்கையும் பார்த்திருக்கிறேன். பதினேழு, நம் டிபன் கடைப் பெண்.

யாருக்கும் இன்னும் சொல்லாதீர்கள், வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு ஒரு ஆட்டோ பிடித்தேன். போகிற வழியில் இரண்டு உண்ணாமலைகளையும் இரண்டு அருணாசலங்களையும் ஏற்றிக்கொண்டேன். அருணாசலங்கள் டிரைவர் சீட்டின் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டு வந்தார்கள். வேங்கிக்காலில் அறக்கட்டளை இருந்த கட்டடத்தின் வாசலில் வாட்ச்மேன் தடுத்து யாரைப் பார்க்கவேண்டும் என்றார். பயிற்சி நிர்வாகி சார் என்றேன்.

"அண்ணாமலை சாருங்களா? இந்த பில்டிங்ல மூணு பேர் இருக்காங்க. எந்த அண்ணாமலை?"

அருணாசலங்கள் இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வாட்ச்மேன் பாவம், தான் என்ன சொல்லிவிட்டோம் என்று தெரியாமல் எங்களை உள்ளே விட்டுவிட்டார்.

உள்ளே நிர்வாகி எங்கள் ஐந்து பேரையும் வரிசையாகப் பார்த்தார். பட்டியல் மேசைமேல் இருந்தது, இரண்டு பெயரின்மேல் சிவப்புக் கோடு. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லச் சொன்னேன். சொன்னார்கள். உண்ணாமலைகளைக் காட்டி அப்பா பெயர் கேளுங்கள் என்றேன். இருவரும் அண்ணாமலை என்றார்கள். அவர் பேனா மூடியைத் திறந்தார். "எனக்கு வர்ற கூரியரெல்லாம் மேல் மாடிக்குத்தான் மேடம் போவுது. எனக்கே தோணல பாருங்க," என்றார். சிவப்புக் கோட்டின் பக்கத்தில் இரண்டு பெயரையும் தன் கையாலேயே மறுபடி எழுதினார்.

"சார், பக்கத்துல பொறந்த தேதியும் போட்டுடுங்க," என்றாள் உண்ணாமலை. "திரும்ப யாராவது என்னை எடுத்துடப் போறாங்க."

அவர் தேதியைக் கேட்டு எழுதினார். அவள் குனிந்து அதை ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்த்தாள். பிறகு அங்கேயே நின்றபடி கடைக்குப் போன் போட்டு, அடுத்த மாதத்திலிருந்து காலை டிபனுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.